ஸ்லைடில் இல்லை என்றால் மாட்டில் இல்லை என்று ஆகாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மாட்டு ரத்தத்தில் வரும் ஒட்டுண்ணியை இலைக் கஷாயம் கொடுத்தே ஒழித்ததாகச் சென்ற வாரம் உங்கள் கால்நடைப் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்திருந்தது. இரண்டு தடவை படித்தேன். இரண்டாம் தடவை கையில் பென்சில் இருந்தது.

நான் டாக்டர் இல்லை. கால்நடை மருத்துவமனை ஒன்றின் லேபில் 27 வருஷம் ரத்த ஸ்லைடு பார்த்து ஓய்வுபெற்றவள். டாக்டர் மாட்டைப் பார்ப்பார். நான் அதன் காதிலிருந்து வந்த ஒரு சொட்டைப் பார்ப்பேன். கட்டுரையில் நான் அடிக்கோடு போட்ட வரி, "ஏழாம் நாள் ரத்தப் பரிசோதனையில் கிருமி ஒன்றுகூட இல்லை" என்பது. அந்த "இல்லை"யை எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் இத்தனை வருஷமாக என் பிழைப்பு. அதனால் அந்த ஒரு வார்த்தையைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

காது நுனியில் லேசாகக் குத்தி, வரும் சொட்டைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, இன்னொரு சில்லின் ஓரத்தால் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். நாக்கு வடிவில் மெல்லிய படலம் விழும். உலர்த்தி, மெத்தனாலில் முக்கி, ஜீம்சா சாயத்தில் அரை மணி நேரம் வைத்துக் கழுவ வேண்டும். ஒரு துளி எண்ணெய் விட்டு 100 மடங்கு லென்ஸை இறக்கினால் சிவப்பணுக்கள் தெரியும். உண்ணி கடித்து வரும் பபேசியா பைஜெமினா என்ற ஒட்டுண்ணி இருந்தால், ஒரே அணுவுக்குள் இரண்டு பேரிக்காய்கள், கூர்முனைகள் ஒட்டினாற்போல் ஜோடியாக நிற்கும். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு அது அழகாகக்கூடத் தெரியும். வெளியே அந்த மாடு 106 டிகிரி காய்ச்சலில், காபி நிறத்தில் மூத்திரம் பெய்துகொண்டு நிற்கும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். நன்றாக இழுத்த ஸ்லைடில் லென்ஸின் ஒரு வட்டத்துக்குள் சுமார் 200 சிவப்பணு. பொறுமையாக 100 வட்டம் பார்த்தால் 20,000. 400 கிலோ மாட்டுக்குச் சுமார் 24 லிட்டர் ரத்தம். அதில் ஒரு மைக்ரோலிட்டரில், அதாவது லிட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கில், 70 லட்சம் சிவப்பணு என்று வையுங்கள். லட்சம் அணுவுக்கு ஒன்றில் மட்டும் ஒட்டுண்ணி இருந்தால், நான் பார்க்கும் 20,000 அணுவில் அது சிக்காமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். ஐந்து தடவை பார்த்தால் நாலு தடவை "இல்லை" என்றுதான் எழுதுவேன், எந்தத் தவறும் செய்யாமலே. அதே நேரத்தில் அந்த மாட்டின் உடம்பு முழுக்க எத்தனை அணுவில் ஒட்டுண்ணி உட்கார்ந்திருக்கும் என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 168 கோடி.

இது பைஜெமினா கதை. பபேசியா போவிஸ் என்று இன்னொன்று உண்டு. அது பிடித்த அணுக்கள் மூளையின் நுண்குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். ஓடும் ரத்தத்தில் கொஞ்சம்தான் வரும். மாடு தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு செத்துக்கொண்டிருக்கும்போதே ஸ்லைடில் தேடித் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் வேலையில் சேர்ந்த நாளிலேயே தெரிந்துகொண்டவள் மாதிரி எழுதுகிறேன். அப்படி இல்லை. உங்கள் கட்டுரையாளர் செய்ததையே நானும் செய்திருக்கிறேன்.

சேர்ந்து நாலாவது வருஷம். ஒரு சினை மாடு, ஐந்தாம் மாதம். ஸ்லைடில் பபேசியா மொய்த்தது. ஊசி போட்டால் கரு கலைந்துவிடும் என்று யாரோ சொல்லிவிட, மாட்டுக்கார அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். நாலு இலை, ஒரு பட்டை, ஒரு வேர் சேர்த்துக் காய்ச்சி ஏழு நாள் ஊற்றினார். எட்டாம் நாள் ஓட்டிக்கொண்டு வந்தார். காய்ச்சல் இல்லை, நின்றபடி அசை போட்டுக்கொண்டிருந்தது. ஸ்லைடு போட்டேன், இல்லை. நம்பாமல் இன்னொன்று போட்டேன், அதிலும் இல்லை. "எழுதிக்கம்மா, நாலு பேருக்கு ஆகும்" என்று அவரே சொல்லச் சொல்ல, லேப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். அடுத்த நாலு மாதத்தில், ஊசி வேண்டாம் என்று தயங்கி நின்ற 11 பேருக்கு அதைப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். டாக்டரிடம் சொல்லவில்லை.

அந்த மாடு கன்று போட்டு மூன்றாம் வாரம் திரும்பி வந்தது. இந்தத் தடவை வண்டியில். கண் இமையைப் புரட்டினால் காகிதம் மாதிரி வெளுப்பு. குழாயில் சுழற்றிப் பார்த்ததில் சிவப்பணு அளவு 11 சதவீதம். 24க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்போம். ஸ்லைடில் அதே ஜோடிப் பேரிக்காய். ஊசி போட்டார்கள், வேறொரு மாட்டிலிருந்து ரத்தம் எடுத்து ஏற்றினார்கள். விடியற்காலையில் போய்விட்டது. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. கன்றுக்குப் பால் எப்படிப் புகட்டுவது என்றுதான் கேட்டார்.

புதிதாக உண்ணி கடித்து வந்திருக்கலாம். பழையதே உள்ளே பதுங்கியிருந்து, கன்று போட்ட அசதியில் கிளம்பியிருக்கலாம். இரண்டுமே நடக்கிற விஷயம்தான். பபேசியாவில் பிழைத்த மாடு அதைச் சுத்தமாக உதறிவிடுவதில்லை. மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் கொஞ்சமாக வைத்துக்கொண்டே திரியும். நான் எழுதிய "இல்லை"க்கு அதெல்லாம் தெரியாது. என்னை இன்றைக்கும் உறுத்துவது வேறு. அந்த 11 பேர் வீட்டு மாடுகள் என்ன ஆயின என்று நான் கேட்கவே இல்லை. நோட்டில் செய்முறை இருக்கிறது, மாடுகள் இல்லை.

சரி, கஷாயம் கொடுத்தபோது காய்ச்சல் விட்டதே, அது பொய்யா என்று கேட்பீர்கள். பொய் இல்லை. இந்த ஒட்டுண்ணிகள் ரத்தத்தில் ஏறும், உச்சிக்குப் போகும், உடம்பின் எதிர்ப்பு சக்தி தாக்குப்பிடித்தால் தானாகவே இறங்கும். உச்சியில் இருக்கும்போதுதான் நாம் பயந்து மருந்து தேடுவோம். அதற்கு அடுத்த வாரம் எதைக் கொடுத்திருந்தாலும், பிழைத்த மாட்டில் எண்ணிக்கை இறங்கித்தான் இருக்கும். கன்றுகள் விஷயம் இன்னும் வேடிக்கை. பபேசியாவைப் பொறுத்தவரை ஒன்பது மாதம் வரையிலான கன்றுகள் பெரிய மாட்டைவிட நன்றாகத் தாங்கும். திமில் உள்ள மாட்டினங்களும் அப்படியே. கன்றிலும் திமில் மாட்டிலும் சோதித்துவிட்டு "கஷாயம் கேட்டது" என்று சொல்வது, நீச்சல் தெரிந்தவன் கையில் கட்டையைக் கொடுத்துவிட்டுக் கட்டைதான் கரை சேர்த்தது என்பது போல.

உங்கள் கட்டுரையில் கீழே ஒரு பத்தியில், "முதல் நாள் மட்டும் மருத்துவர் ஊசி ஒன்று போட்டார்" என்று அரை வரி வருகிறது. என்ன ஊசி என்று இல்லை. பபேசியாவுக்குப் போடும் டிமினசின் ஆக இருந்தால் கிலோவுக்கு 3.5 மில்லிகிராம் கணக்கில் அந்த ஒரு ஊசியே வேலையை முடித்திருக்கும். மீதி ஆறு நாள் கஷாயம் கூட்டத்தோடு கோவிந்தா போட்டிருக்கிறது.

தலைப்பில் "ரத்த ஒட்டுண்ணி" என்று ஒரே சொல்லாகப் போட்டுவிட்டீர்கள். என் லென்ஸின் கீழே அது நாலைந்து வேறு வேறு பிராணி. தைலேரியா சிவப்பணுவுக்கு வருமுன் வெள்ளையணுவுக்குள் புகுந்து பெருகும். தோள் முன்னால் நிணநீர்க் கட்டி தேங்காய் அளவுக்கு வீங்கும். மூத்திரம் பெரும்பாலும் சிவக்காது. சர்ரா நோயைக் கொண்டுவரும் டிரிப்பனோசோமா அணுவுக்குள்ளேயே போகாது. வெளியே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் மீன்குஞ்சு மாதிரி நெளியும். அதைப் பரப்புவது உண்ணி அல்ல, கடிக்கும் ஈ. 1880-இல் கிரிஃபித் எவன்ஸ் என்ற கால்நடை மருத்துவர் குதிரை, ஒட்டக ரத்தத்தில் அதைப் பார்த்துச் சொன்னபோது மேலதிகாரிகள் நம்பவில்லை என்பது தனிக் கதை. அனாபிளாஸ்மாவும் நாயின் எர்லிக்கியாவும் பாக்டீரியா வகை. அவை டெட்ராசைக்ளின் குடும்ப மருந்துகளுக்குக் கட்டுப்படும், டிமினசினுக்கு அசையாது. இத்தனைக்கும் ஒரே இலை கேட்கும் என்றால் அந்த இலை மேல் எனக்குப் பயம்தான் வரும்.

போதாக்குறைக்கு, சிவப்பு மூத்திரம் என்றாலே ஒட்டுண்ணி என்றும் இல்லை. கன்று போட்ட மாட்டில் பாஸ்பரஸ் குறைந்தாலும் சிவக்கும். எலிக்காய்ச்சல் கிருமியாலும் சிவக்கும். பிராக்கன் என்ற பெரணியை நெடுநாள் மேய்ந்தால் மூத்திரப்பையில் கட்டி வந்து ரத்தமே போகும்.

மூலிகை என்றால் பக்கவிளைவு கிடையாது என்ற வரிக்கு என் பதில் ஒரு நாய். உண்ணிக் காய்ச்சல் வந்து சரியான நாய்தான். திரும்ப வரக்கூடாது என்று வீட்டில் பூண்டை அரைத்து தினமும் உருண்டையாக்கிக் கொடுத்திருக்கிறார்கள், ஒரு மாதத்துக்கு மேல். ஈறு வெளுத்து, மூத்திரம் கறுத்து வந்தது. "மறுபடியும் ஒட்டுண்ணி, நல்லாப் பாருங்க" என்றார்கள். பார்த்தேன். ஒட்டுண்ணி எதுவும் கண்ணில் படவில்லை. சிவப்பணுக்களின் ஓரத்தில்தான் சின்னச் சின்னக் கொப்புளம் மாதிரி ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. வேறு சாயம் போட்டுப் பார்த்ததும் புரிந்தது. ஹெயின்ஸ் பாடி. வெங்காயமும் பூண்டும் நாய், பூனை, மாடு இவற்றின் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினைச் சிதைத்துக் கட்டியாக்கிவிடும். அந்த அணுவை உடம்பே உடைத்துப் போட்டுவிடும். நோய் செய்கிற அதே வேலையைத்தான் மருந்தும் செய்துகொண்டிருந்தது. பூண்டுச் சத்து ஆய்வகக் குடுவையில் பபேசியாவை அடக்குகிறது என்பது உண்மை, நானும் படித்திருக்கிறேன். குடுவைக்கு ரத்தசோகை வராது. பூண்டை நிறுத்தினார்கள், அந்த நாய் பிழைத்துக்கொண்டது.

இவ்வளவு சொல்வதால் செடி கொடி மேல் எனக்குக் கோபம் என்று நினைக்க வேண்டாம். மரியாதைதான் அதிகம். தைலேரியாவுக்கு டாக்டர்கள் போடும் புபார்வாகோன் ஊசி இருக்கிறதே, அது நாஃப்தோகுவினோன் என்ற வேதிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தென் அமெரிக்க மரங்களின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையில் இருக்கும் லாபகால் அதே குடும்பம். 1940களில் லாபகாலின் உறவுப் பொருள்களை மலேரியாவுக்காகச் சோதித்த வேலையின் தொடர்ச்சியில்தான் இந்த வகை மருந்துகள் வந்தன. நாயின் பபேசியா கிப்சோனிக்கு அசித்ரோமைசினோடு சேர்த்துக் கொடுக்கும் அடோவாகோனும் அந்த வரிசைதான். நம் கொடிவேலி வேரில் இருக்கும் பிளம்பாஜினும் சொந்தக்காரன். ஆனால் அந்த வேரை அப்படியே அரைத்துத் தோலில் வைத்தால் கொப்புளம் போடும். சினையாக இருந்தால் கருவைக் கலைக்கும். ஊசிக்குப் பயந்து வேரைக் கொடுக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். (என் நோட்டில் இருக்கும் அந்த "ஒரு வேர்" என்ன என்று கேட்காதீர்கள்.)

சீன விஞ்ஞானி து யூயூவின் கதை எல்லோருக்கும் பாதி தெரியும். ஒரு செடியிலிருந்து மலேரியா மருந்து எடுத்து 2015-இல் நோபல் வாங்கினார் என்பது பாதி. மீதிப் பாதி இது: முதலில் அவர் எடுத்த சாறு ஒரு தடவை கேட்டது, ஒரு தடவை கேட்கவில்லை. நாலாம் நூற்றாண்டு வைத்தியர் ஒருவர் அந்தச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது கண்ணில் பட்டது. காய்ச்சச் சொல்லவே இல்லை. அப்படியானால் சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று யோசித்து, குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதரில் எடுத்துப் பார்த்தார். 1971-இல் எலியில் கேட்டது. நாம் என்ன செய்கிறோம்? எந்த இலையானாலும் நாலு பங்கு தண்ணீர் ஊற்றி ஒரு பங்காகச் சுண்டக் காய்ச்சுகிறோம். அந்தச் செடியிலேயே ரகத்தையும் பறித்த காலத்தையும் பொறுத்து மருந்தின் அளவு பல மடங்கு மாறும். அதனால்தான் மலேரியாவுக்கு அதன் இலையையோ கஷாயத்தையோ பயன்படுத்துவதை ஆதரிக்க முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. பிரித்தெடுத்து அளந்த மருந்து வேறு. ஒரு கைப்பிடி இலை வேறு. மாட்டில் இன்னொரு சிக்கல், வாயில் ஊற்றியது ரத்தத்துக்குப் போகுமுன் முதல் வயிற்றில் இருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அதைப் பதம் பார்த்துவிடும்.

செடிகளில் தேட வேண்டிய அவசியமும் இருக்கிறது. துனிசியா, ஈரான், சூடான் நாடுகளில் புபார்வாகோனுக்குக் கட்டுப்படாத தைலேரியா வந்துவிட்டது. புது மருந்து எங்கிருந்தாவது வந்துதான் ஆக வேண்டும். ஒரு மரத்திலிருந்தே வரலாம். ஆனால் அது வருகிற வழியில் யாராவது அளந்து, எடை போட்டு, கொடுத்த மாட்டையும் கொடுக்காத மாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டி, செத்த மாட்டையும் சேர்த்து எண்ணியிருக்க வேண்டும்.

வீட்டில் செடியை வைத்து ஏதாவது செய்தே தீர வேண்டும் என்கிறவர்களுக்கு நான் காட்டும் இடம் உண்ணி. பபேசியாவை உண்ணிதான் கொண்டுவருகிறது என்று 1893-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்மித்தும் கில்போர்னும் காட்டினார்கள். உண்ணி, ஈ, கொசு போன்ற கணுக்காலிகள் நோயைக் கடத்தும் என்பதற்கு அதுதான் முதல் நிரூபணம் என்பார்கள். ரத்தம் குடித்து வீங்கிய மாட்டு உண்ணி ஒன்று 2,000 முட்டைக்கு மேல் இடும். பபேசியா அந்த முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும். வேப்பங்கொட்டைச் சாறு உண்ணியை உடனே கொல்லாது. அதன் முட்டையையும் தோலுரிப்பையும் கெடுக்கும். வெயிலில் வீரியம் போய்விடும் என்பதால் சாயங்காலம் தடவுங்கள், சுவர் வெடிப்புகளிலும் தெளியுங்கள். புகையிலைத் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம். நிக்கோடின் தோல் வழியாகவே இறங்கிக் கன்றைச் சாய்த்துவிடும். பிடுங்கிய உண்ணியை வெறும் விரலால் நசுக்கவும் வேண்டாம். சில வகை உண்ணிகள் மனிதருக்கும் காய்ச்சலைத் தரும். காய்ச்சலும் சிவப்பு மூத்திரமும் வந்துவிட்டால் அப்புறம் உண்ணியைப் பார்த்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது. முதலில் ஸ்லைடு, அடுத்து ஊசி. கஷாயத்தைப் பசி எடுக்கக் கொடுத்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன், அதில் என்ன இருக்கிறது என்று டாக்டருக்குச் சொல்லிவிட்டால் போதும்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இந்த மாதிரிக் கட்டுரைகளை நிறுத்தச் சொல்லவில்லை. போடும்போது எந்த ஒட்டுண்ணி, யார் பார்த்துச் சொன்னது, எத்தனை மாட்டுக்குக் கொடுத்தது, எத்தனை செத்தது, கூடவே என்ன ஊசி போட்டது என்று கேட்டுப் போடுங்கள். சிவப்பணு அளவு முதல் நாள் எவ்வளவு, முப்பதாம் நாள் எவ்வளவு என்று இரண்டு எண் இருந்தால் எனக்கு அந்த "இல்லை"யைவிட அதிகம் சொல்லும். ஒட்டுண்ணி ஒளிந்துகொள்ளும், ரத்தசோகை ஒளியாது. முடிந்தால் ஒட்டுண்ணியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை. அது என் கண்ணைவிடக் கூர்மை.

கட்டுரையாளரிடம் அந்த ஏழாம் நாள் ஸ்லைடு இருந்தால் உடைக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். எண்ணெயைத் துடைத்து, வெளிச்சம் படாமல் பெட்டியில் வைத்தால் வருஷக்கணக்கில் சாயம் நிற்கும். எனக்குக் கொடுத்தால் 100 வட்டம் இல்லை, ஸ்லைடு முழுக்கப் பார்த்துத் தருகிறேன்; இப்போது வெளியே யாரும் காத்துக்கொண்டு நிற்பதில்லை. இன்னொன்றும் அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள். கட்டுரையோடு வந்த படத்தில் அந்த மாட்டின் வயிறு நன்றாக இறங்கியிருந்தது. கன்று போட்டுவிட்டதா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன் ஒருத்தி